வாளிகள் நிற்கும் வரிசை

சைதாப்பேட்டையில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்னோக்கி நடக்க வேண்டிய சந்து. எட்டு அறை, எட்டுக் குடித்தனம், ஒரே குளியலறை. நண்பனின் அறையில் தங்கியிருக்கிறேன். ஒன்பதரைக்கு வேலைக்கான நேர்காணல். எங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றுக்குப் போகும் முதல் ஆள் நான்தான்.

விடிந்ததும், வழியை மறித்து நிற்கும் எட்டு வாளிகளையும் பொறுப்பாக எடுத்துச் சுவரோரம் அடுக்கிவைக்கிறேன்.

“எவன்டா லைனைக் கலைச்சது?” எதிர் அறை அக்கா கத்துகிறார். ஆள் நிற்க இடமில்லாததால் இங்கே வாளிதான் வரிசையில் நிற்குமாம். எல்லாக் கதவுகளும் திறக்கின்றன. எல்லாருமே தாங்கள்தான் முதல் என்கிறார்கள்.

“இன்னா ஊரு தம்பி நீ?”

“உத்திரமேரூர், அக்கா.”

“அந்தக் காலத்துலயே குடத்துல ஓலை போட்டு ஆள் எடுத்த ஊரா? எம் பொண்ணு பாடத்துல கீது. அப்ப நீயே சீட்டு எழுதிக் குலுக்கு.”

எட்டுச் சீட்டு எழுதி, அக்காவின் குடத்தில் போட்டுக் குலுக்குகிறேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறார். என் பெயர்.

“ஊரு ராசிடா உனக்கு! சீக்கிரம் குளிச்சுக்கினு வா.”

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, அவசரமாகத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்கிறேன். வெளியே இரண்டாவது சீட்டைப் பிரிக்கிறார்கள். அதிலும் என் பெயர்தான் இருக்கும். எட்டிலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.