நானூற்றியொன்றில் ஒரு 'ஈஹோலே'

'ஈஹோலே' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு 'இனி உயிர் தப்ப முடியாது' என்றுதான் பொருள் என்று பிக்கரிங் என்ற ஊர் வரும்வரை நம்பியிருந்தேன். டாக்சி சாரதி அதைச் சொல்லும்போதெல்லாம் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டேன். பைக்குள் அண்ணன் மகனின் கல்யாணத்துக்கான தாலிக்கொடி.

சனிக்கிழமை காலை. வெக்ஸ்போர்ட்டில் அண்ணன் வீட்டிலிருந்து ஒஷாவா மண்டபத்துக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்குமுன் எல்லோரும் புறப்பட்டுவிட்டார்கள். தாலிக்கொடிக்குப் பொறுப்பான நான் மட்டும் இடுப்பில் வேட்டி நிற்காமல் மூன்றாவது பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்பது தாண்டியதும் அண்ணன் போனில் பிடித்தார்.

"டேய், ராகு காலத்திலை தாலிக்கொடியோட படி இறங்காதை. பத்தரைக்கு வெளிக்கிடு."

"முகூர்த்தம் பதினொண்டே முக்காலோட முடியுதெல்லோ அண்ணை?"

"முக்கால் மணித்தியால ஓட்டம்தானேடா. நேரம் காணும்."

10.30. டாக்சியில் ஏறினேன். எண்பது டொலர் பேச்சு. சாரதி ராமோன், என் வயதுக்காரர், மெக்சிகோவிலிருந்து வந்தவர். இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம். இருவருக்கும் அது கொஞ்சம் தொளதொள.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறியதும் ராமோன் "ஈஹோலே!" என்றார். நான் "ஐயோ!" என்றேன். அவர் காட்டியது பக்கத்தில் பளபளவென்று போன ஒரு பழைய சிவப்பு ட்ரக்கை. பெட்ரோல் விலைப் பலகைக்கு ஒரு ஈஹோலே. நான் போனில் மணப்பெண்ணின் படத்தைக் காட்டியதற்கு மெதுவாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என் ஐயோவும் தவறாமல் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது ஐயோவுக்கு அவர் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

"சேர், உங்களுக்கு நெஞ்சு வலிக்கிறதா? ஆஸ்பத்திரிக்குத் திருப்பவா?"

அப்போதுதான் விளங்கியது, அவருடைய ஈஹோலே வெறும் வியப்பு என்று. இவ்வளவு நேரமும் ஆளை ஆள் பயப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறோம்.

11.05, பிக்கரிங். வீதி வேலைக்காக இரண்டு பாதைகளை மூடியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பிரேக் விளக்குகள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தால் ஓடலாமா என்று யோசித்தேன். வீட்டுக்குள்ளேயே நிற்காத வேட்டி.

"பதினொன்றே முக்காலுக்குள் போய்விடுவோமா?" என்று கேட்டேன்.

"ஈஹோ... லே..." என்று இழுத்தார். மிச்சத்துக்குக் காத்திருந்தேன். மிச்சம் வரவில்லை.

"அவ்வளவுதான் சேர்," என்றார். "முகத்துக்கு நேரே 'இல்லை' சொல்ல மனம் வராவிட்டால் எங்கள் ஊரில் இப்படி நீட்டிவிடுவோம்."

அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களிடமும் ஒன்று இருக்கிறது: 'பாப்பம்'. கீழ்வீடு வாடகைக்குக் கேட்டவருக்கும் பாப்பம், மகளைப் பெண் கேட்டவருக்கும் பாப்பம். அதற்குப் பிறகு ஒருவரும் பார்ப்பதில்லை. புதிய மொழியில் வணக்கத்தையும் நன்றியையும் யாராவது சொல்லித்தந்துவிடுகிறார்கள். அந்த மனிதர்கள் 'இல்லை'யை எவ்வளவு மெதுவாகக் கீழே வைக்கிறார்கள் என்பதை அறிய, அவர்களோடு நெரிசலில் சிக்கியிருக்க வேண்டும். 'பாப்பம்' என்று அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஏஜக்ஸ் வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

11.50, ஒஷாவா. மண்டப வாசலில் அண்ணன், வேர்த்து விறுவிறுத்து.

"ஐயருக்கு இன்னும் நேரம் இருக்கெண்டு சொல்லட்டோ?"

என் வாயிலிருந்து அதுவாகவே வந்தது: "ஈஹோ... லே..."

"உவனுக்கு என்னவோ செய்யுது, தண்ணி கொண்டு வாங்கோ!" என்று அண்ணன் உள்ளே பார்த்துக் கத்தினார். பையை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினார்.

ராமோனைச் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி கேட்டேன். "ஈஹோலே!" என்றார். இந்த முறை நீட்டவில்லை. காலில் கிடந்த சப்பாத்துகளைக் கழற்றினார்.

முகூர்த்தம் முடிந்து பத்து நிமிடம் கழித்துத்தான் தாலி கட்டியது. ஐயர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் செருகியிருந்தார்.