கௌசிக் எழுதிய என் அம்மா

பதினொன்றாம் வகுப்புக் காலாண்டில் பிரெஞ்சில் எனக்குத் தொண்ணூற்றெட்டு. தமிழில் கௌசிக்குக்கு எழுபத்தொன்று. அந்த எழுபத்தொன்றைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கௌசிக் என் பெரியப்பா மகன். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். அதை வைத்துக்கொண்டே என்னை அதட்டுவான். மோகனூர்ப் பக்கம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு சின்னக் கோழிப்பண்ணை இருக்கிறது, இரண்டு நீளக் கொட்டகைகள். கிழக்குச் செட்டு பெரியம்மா பொறுப்பு, மேற்குச் செட்டு அம்மா பொறுப்பு. நானும் அவனும் ஒரே பஸ்ஸில் நாமக்கல்லுக்குப் போய் ஒரே பள்ளியில் படிக்கிறோம். பிரிந்தது மொழிப்பாடத்தில்தான்.

பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு எங்கள் பள்ளியில் ஒரு மரியாதை உண்டு. தமிழைப் பிடுங்கிக்கொண்டு பிரெஞ்சைக் கொடுப்பார்கள். தமிழில் என்ன எழுதினாலும் திருத்துகிறவர் நாலு மார்க்கையாவது கிள்ளிவிடுவார், பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்கள் என்று ஒரு கணக்கு. மொத்தம் கூடினால் பள்ளி வைக்கும் பேனரில் போட்டோ வரும். அப்பாவுக்கு அந்தப் போட்டோ போதும்.

“தமிழ் நம்ம ஊட்டுல பேசறதுதானே சாமி, அதைப் போயிப் பள்ளிக்கூடத்துல எதுக்குப் படிக்கோணும்?” என்றார்.

பத்தாவதில் தமிழில் பள்ளிக்கே முதல் மதிப்பெண் நான். கௌசிக் தேறியதே பெரிது. அதனால் அவனுக்குத் தமிழையே விட்டுவைத்தார்கள். நன்றாகப் படித்த எனக்குத் தண்டனை, படிக்காத அவனுக்குப் பரிசு. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

பிரெஞ்சு வகுப்புக்கும் தமிழ் வகுப்புக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். இந்தப் பக்கம் நாங்கள் ‘என் பெயர் மதுமதி, எனக்குப் பதினாறு வயது’ என்று பிரெஞ்சில் ராகம் போட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பக்கம் ராசாத்தி மிஸ் பாடம் நடத்துவார். அவரை எல்லோரும் தமிழம்மா என்றுதான் கூப்பிடுவோம். பழைய செய்யுளைப் படித்ததும் அவர் பொருள் சொல்லிவிட மாட்டார். “இவ எதுக்கு இதைத் தன் தோழிகிட்டச் சொல்றா? அவன்கிட்டயே சொன்னா என்ன?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். எனக்குப் பதில் தெரியும். தடுப்பைத் தாண்டிச் சொல்ல முடியாது. கௌசிக் அந்நேரம் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். கண் எதிரே சோற்றைக் கொட்டுகிறவனைப் பார்ப்பது போல இருக்கும்.

ஜூலையில் அவனே வந்தான். “ஏ மது, ஒரு கட்டுரை எழுதிக் குடு. எனக்கு மேச்சு இருக்குது.”

வாலிபால் அவனுக்கு உயிர். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குக் கிடைக்கிற தமிழ் அது ஒன்றுதான். நான் எழுதினேன், அவன் தன் கோழிக்கிறுக்கலில் பார்த்து எழுதிக்கொண்டான். மறுநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் தமிழம்மா அதை வாசித்தார். “கௌசிக், இவ்வளவு நாள் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?” என்றார். வகுப்பே கைதட்டியது. என் வாக்கியங்கள் அவன் பெயரைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. நான் இந்தப் பக்கம் வினைச்சொல் அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அவனும் மாட்டுவான், எனக்கும் எழுத ஒன்றும் இருக்காது. சொல்லாவிட்டால் அவனுக்குக் கைதட்டல். இரண்டில் எது மோசம் என்று யோசித்தே மூன்று மாதம் போயிற்று.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் ‘நான் வியக்கும் மனிதர்’ என்று ஒரு தலைப்பு. எல்லோரும் தலைவர்களை எழுதுவார்கள் என்று நான் அம்மாவை எழுதினேன். முட்டை பொறுக்கிப் பொறுக்கிச் சொரசொரத்துப்போன அவள் விரல்கள் ஒரு முட்டையைக்கூடக் கீறாமல் எடுப்பதை எழுதினேன். ‘முட்டை அட்டை நிறைந்ததும் அம்மா நிமிர்ந்து நான் எங்கே இருக்கிறேன் என்று பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் அடுத்த அட்டையைத் தொடுவாள். வீட்டில் யாரிடமும் சொல்லாத வருத்தத்தைக் கோழிகளிடம் சொல்வாள்’ என்று எழுதினேன். எழுதி முடித்தபோது அதை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமே இல்லை. ஆனாலும் தமிழம்மா குரலில் கேட்கிற ஆசை விடவில்லை. கொடுத்துவிட்டேன்.

தமிழம்மா வாசித்தார். கோழிகள் வரும் வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, “ஆண்டு விழாவுல இதை நீயே மேடையேறி வாசிக்கிறே” என்றார்.

அவ்வளவுதான், எனக்குள் இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று. மேடையில் என் அம்மாவை அவன் ‘என் அம்மா’ என்று வாசிப்பானாம், என் அம்மா கீழே உட்கார்ந்து கைதட்டுவாளாம். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அன்றைக்குத் தமிழம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவன் மாட்டினால் மாட்டட்டும்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசலுக்குப் போனேன். எனக்கு முன்பே பெரியம்மா அங்கே இருந்தார். தமிழம்மா கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டி முடித்திருந்தார். பெரியம்மா மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் பார்த்தவரை சௌந்திரம் பெரியம்மா அழுகிறவர் இல்லை.

“சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்காத பையனுங்க மிஸ்” என்றார். “என்ற கையை எப்பப் பாத்தான்னு தெரியலீங்களே.”

சுவரோரம் நின்ற கௌசிக் என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. வெளியே வந்து என் பையைப் பிடித்துக்கொண்டான். “சொல்லிறாத மது. உன் காலுல வேணாலும் உழுவறேன். அம்மா அழுவுது.”

தமிழம்மா என்னைப் பார்த்துவிட்டு, “என்னம்மா மதுமதி, ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க மிஸ்” என்றேன். கௌசிக் மேல் இருந்த ஆத்திரம் அப்படியே பெரியம்மா மேல் திரும்பியது. என் அம்மாவுக்கு வரவேண்டிய அழுகையை இவர் அழுதுகொண்டிருக்கிறாரே!

அன்று சாயங்காலமே பெரியம்மா கட்டுரையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கௌசிக்கையே வாசிக்க வைத்தார். அவன் தலை நிமிராமல் வாசித்தான். அம்மா புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

“எல்லாஞ் செரி ரஞ்சிதா, நான் எங்க கோழிகிட்டப் பேசறேன்? அது மட்டும் சும்மா சேத்து உட்டிருக்கான்” என்று பெரியம்மா சிரித்தார்.

“எழுதறவங்க அப்படித்தானுங்கக்கா சேத்துவாங்க” என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெண்பிள்ளைக்குத் தன்னைப் பற்றியே தெரியவில்லையே! அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் இல்லை. பெரியம்மா போன பிறகு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே, “உன்ற பிரெஞ்சுல அம்மாவுக்கு என்ன சாமி?” என்று கேட்டாள்.

“மேர்” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுக் குழம்பைக் கூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்கு வேலையாட்கள் வரமாட்டார்கள். காலையில் அம்மா முன்னாலேயே செட்டுக்குப் போய்விட்டாள். நான் காலி அட்டைகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கூண்டு வரிசைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

“சௌந்திரம் அக்கா குடுத்து வெச்சவ” என்று ஒரு கோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “தூங்குமூஞ்சிப் பையன், என்னமா எழுதியிருக்கறான் பாரு. எனக்குந்தான் ஒண்ணு இருக்குது. முதல் மார்க்கு வாங்கறா. என்னையப் பத்தி ஒரு வரி எழுதோணும்னு அவளுக்குத் தோணலியே.”

கோழி தலையைச் சாய்த்துக் கேட்டது. அம்மா கடைசி முட்டையை வைத்து அட்டையை நிறைத்தாள். நிமிர்ந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்தாள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டு அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். அந்தக் கோழியின் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.