டி-ஷர்ட்டில் இருக்கும் முடி

மொரீஷியஸில், சாந்த் குருவா என்ற ஊரின் தமிழ்க் கோவில் பக்கத்துத் தெருக்கடை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய டி-ஷர்ட்டுகளை ஒரு அம்மாள் விற்கிறார். என்னோடு பேருந்தில் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றை உருவிப் பார்த்துத் துள்ளுகிறார். அதில் முடியை விரித்துப் போட்டு ஆடும் நால்வர். ஒரு காலத்தில் அரங்கங்களை அதிரவைத்து, பிறகு கலைந்துபோன ராக் இசைக்குழு.

"கிட்டாரோடு நிற்பது நான்தான்!"

அம்மாள் படத்திலுள்ள முடியைப் பார்க்கிறார், எதிரே நிற்பவரின் வழுக்கையைப் பார்க்கிறார். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் தமிழில் கேட்கிறார்.

"மிஸ்யே... இந்த ஐயா மொட்டை... எந்தக் கோவில்? வேண்டினது கிடைச்சதா?"

சாமிக்கு நேர்ந்துகொண்டு முடி கொடுக்கும் வழக்கத்தை ஸ்காட்லாந்துக்காரருக்கு விளக்கி, அம்மாளின் கேள்வியைச் சொல்கிறேன். மனிதர் தலையைத் தடவிக்கொண்டு யோசிக்கிறார்.

"கிடைத்தது என்று சொல்லுங்கள். முடியைத்தான் தாமதமாகக் கொடுத்தேன்."