பழப்புளியில் மினுக்கிய ரிவால்வர்

டிக், டிக், டிக், டிக், டிக் என்று ஐந்து தடவை கேட்கும். பிறகு சற்று அமைதி. மறுபடியும் ஐந்து. சுவிஸில், லாங்கன்தாலில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில் பின்னேரம் நாலரை மணிக்குக் கேட்கும் சத்தம் அதுதான். அப்பா தொழிற்சாலையால் வந்து, கைகால் கழுவி, தேத்தண்ணியில் அரைவாசியைக் குடித்துவிட்டு, கண்ணாடி அலுமாரியைத் திறந்து, நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்க ரிவால்வர் ஒன்றை எடுத்து, அதன் குண்டு உருளையை விரலால் மெல்லச் சுழற்றுவார். அம்மா அந்த நேரம் வங்கியொன்றில் துப்புரவு வேலைக்குப் போயிருப்பா. நான் எதிர்க் கதிரையில் வீட்டுப்பாடக் கொப்பியோடு இருப்பேன். நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை.

மற்றத் தமிழ் வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகளும் கலியாணப் படமும் இருக்கும். எங்கள் வீட்டில் நான்கு ரிவால்வர்களும் ஏழு கத்திகளும் இருந்தன. முதற்கத்தியை அப்பா ‘புறொக்கி’யில், அதாவது பாவித்த சாமான்கள் விற்கும் கடையில், ஒரு பெட்டிக் கரண்டிகளுக்கு நடுவில் கண்டெடுத்தாராம். மான்கொம்புப் பிடி போட்ட அகலமான கத்தி. இந்த ஊர்ப்பக்கத்திலிருந்து பஞ்சம் தாங்காமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே மேற்குப் புறத்துக் காட்டுவெளிகளில் காணி பிடித்து வாழப்போய், சரிவராமல் திரும்பி வந்த யாரோ ஒருவருடையது என்று கடைக்காரர் சொன்னது அப்பாவைப் பிடித்துக்கொண்டது. “இவையளும் எங்களை மாதிரி ஓடினவைதான்” என்பார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ஆயுதத்துக்குப் பயந்து ஓடி வந்த மனிதர் ஆயுதம் சேர்ப்பது எவருக்கும் விளங்கவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்த நாட்டில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். மிகப் பழையவை மட்டும் அந்தக் கணக்கில் வராது. சட்டத்தின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலுமாரியின் உட்பக்கத்தில் அப்பா ஒட்டி வைத்திருந்தார். பொலிஸ் வந்து கேட்டால் காட்டுவதற்கு. பொலிஸ் ஒருநாளும் வரவில்லை. தமிழ்ச் சனமும் வரவில்லை என்பதுதான் கதை. “அந்த மனிசன் முந்தி இயக்கத்திலை இருந்தவரோ?” என்று அம்மாவிடம் கோயிலில் கேட்பார்கள். என் ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இரண்டே பேர் வந்து, கேக்கில் முக்கால்வாசி மிஞ்சியது. “வீட்டுக்கை துவக்கு வைச்சிருந்தா ஆர் பிள்ளையளை அனுப்புவினம்? உந்தச் சனியனுகளை வித்துத் துலையுங்கோ” என்று அம்மா அன்றைக்கு அழுதா.

அப்பா சண்டை போடவில்லை. ஒரு ரிவால்வரோடு வந்த பழைய காகிதத்தை எடுத்து விரித்தார். “இதை ஆர் வைச்சிருந்தது, ஆருக்குக் குடுத்தது எண்டு எல்லாம் இதிலை எழுதிக் கிடக்கு. என்ரை தம்பியைச் சுட்டது ஆற்றை துவக்கு எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது” என்றார். அம்மா அதற்குப் பிறகு விற்கச் சொன்னதில்லை. நான் ஒருநாளும் காணாத அந்தச் சித்தப்பாவைப் பற்றி அப்பா வாய்திறந்தது அந்த ஒருமுறைதான்.

எனக்கு அந்த வயதில் சித்தப்பாவை நினைத்துக் கவலை வரவில்லை, பொறாமைதான் வந்தது. அந்த ரிவால்வர்களுக்கு மெல்லிய துணி, எண்ணெய், அப்பாவின் இரண்டு கண்ணும் பத்து விரலும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது எதிர்க் கதிரை. “தொடாதை பிள்ளை” என்பதுதான் பின்னேரங்களில் அவர் என்னோடு பேசிய அதிகபட்சம். அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்து ‘கெட்டிக்காரி’ என்று சொல்ல நான் என்னவும் செய்யத் தயாராக இருந்தேன்.

அப்பாவுக்கு இருந்த ஒரே கூட்டாளி வால்டர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், பழைய ஆயுதம் சேர்ப்பவர். எனக்குப் பத்து வயதாயிருந்த இலையுதிர்காலத்தில் பக்கத்து ஊர் மண்டபத்தில் நடக்கும் சேகரிப்பாளர் சந்தையில் அப்பாவுக்கு அரை மேசை வாங்கிக் கொடுத்தார். விற்க அல்ல, காட்டி வைக்க. அப்பாவின் சின்ன ரிவால்வர் ஒன்றின் உருளையில், கொள்ளையர் மறித்த குதிரை வண்டியின் சித்திரம் நூல் நூலாகச் செதுக்கியிருந்தது. அது தேயாமல் இருப்பது அருமை என்று, அதையே கண்காட்சித் தாளிலும் வால்டர் எழுதுவித்திருந்தார். அப்பா வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கினார். இந்த நாட்டில் ஒரு மேசைக்குப் பின்னால் அவர் மரியாதையாக நிற்கப் போவது அதுதான் முதல் தடவை.

அந்தக் கிழமைதான் சரஸ்வதி பூசையும் வந்தது. அம்மா குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்த்து மினுக்கி வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் என் புத்தகங்களையும் தன் வேலைத்தலத்துச் சாவிக்கொத்தையும் அப்பாவின் தொழிற்சாலைக் குறடு ஒன்றையும் அடுக்கிவிட்டு வேலைக்குப் போனா. “ஆயுத பூசை, பிள்ளை. அவரவற்றை ஆயுதத்தை வைக்கவேணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனா. எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. ஊருலகத்துப் பிள்ளைகள் பென்சிலையும் கத்தரிக்கோலையும் வைக்கிறார்கள், எங்கள் வீட்டிலோ உண்மையான ஆயுதமே இருக்கிறது. அது கறுத்து, மண்ணிறமாய், சாமிக்கு முன்னால் வைக்கமுடியாத கோலத்தில் இருக்கிறது. மிச்சப் பழப்புளி இருந்தது. சட்டி தேய்க்கும் கம்பிச்சுருளும் இருந்தது. குதிரை வண்டி ரிவால்வரை எடுத்து ஒன்றரை மணித்தியாலம் தேய்த்தேன். பித்தளை தங்கமாய் வந்தது, இரும்பு வெள்ளியாய் வந்தது. குதிரைகளும் வண்டியும் கொள்ளையரும் எங்கே போனார்கள் என்று நான் பார்க்கவேயில்லை. துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் செருகினேன்.

அப்பா வந்தார். படத்துக்கு முன்னால் வந்து நின்றார். உருளையை விரலால் ஒருதரம் தடவினார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, வடிவோ?”

“ஓம், வடிவாத்தான் இருக்கு.” பிறகு குனிந்து என் தலையில் கை வைத்து, “கெட்டிக்காரி” என்றார்.

அதைவிடச் சந்தோஷமான நாள் என் சிறுவயதில் இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாளில் அச்சிட்டாயிற்று, கொண்டுபோகாமல் இருக்க வழியில்லை. பச்சைத் துணி விரித்த மேசையில் அந்த ரிவால்வர் புதுப் பாத்திரக்கடைச் சாமான் மாதிரிப் பளபளத்தது. முதலில் வால்டர் வந்தார். பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பின்னால் நாலைந்து பேர் கூடினார்கள். அதிலொருவர் உருளையைச் சுழற்றிப் பார்த்து, படம் எங்கே, இதை யார் இப்படிச் செய்தது என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எனக்கு அவர்களுடைய பாஷை அப்பாவைவிட நன்றாக வரும். ‘நான்தான்’ என்று சொல்ல ஒரு கணம் போதும்.

“நான்தான்” என்றார் அப்பா, தன் உடைந்த ஜெர்மனில். “வீட்டில் செய்தேன். வடிவாக வரும் என்று நினைத்தேன்.”

ஒருவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். “துப்புரவாக்க இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை” என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். வால்டர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பின்னேரம் வரைக்கும் அப்பா வெள்ளைச் சட்டையோடு அந்த மேசைக்குப் பின்னால் நின்றார். அதற்குப் பிறகு எவரும் வரவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில், “பசிக்குதோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். நாங்கள் அதைப்பற்றிக் கதைத்தது அவ்வளவுதான்.

வால்டர் இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பா, தான் இல்லை என்று சொல்லச் சொன்னார். அலுமாரியைப் பூட்டிவிட்டுப் பின்னேரங்களில் தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கினார். அம்மா கண்ணாடிக்குள் முன்வரிசையில் பீங்கான் பொம்மைகளை அடுக்கி, பின்னால் இருப்பது தெரியாமல் செய்துவிட்டா. அப்படியும் எங்கள் வீட்டுக்கு எவரும் வரவில்லை. ரிவால்வர்களால்தான் சனம் வரவில்லை என்று அதுவரைக்கும் நினைத்திருந்தோம். அப்பாவுக்கு அதுகளாவது இருந்தன, நான் அதையும் எடுத்துவிட்டேன். சொல்லவேண்டும் சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடம் முடித்தேன், படிப்பு முடித்தேன், ஷ்லீரன் நகரத்துக்கு வேலைக்கு வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், “சாப்பிட்டியோ பிள்ளை?” என்பார், “ஓம் அப்பா” என்பேன்.

அப்பா போன வருடம் குளிர்காலத்தில் காலமானார். அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். வால்டரும் இல்லை. புறொக்கியில் இப்போது பழைய கத்தி கிடைப்பதில்லை, பிளாஸ்டிக் சாமானும் புத்தக அலுமாரிகளும்தான். அம்மா என்னோடு வந்துவிட்டதால் லாங்கன்தால் வீட்டை ஒழிக்க வேண்டியிருந்தது. ஏலக் கம்பனி ஒன்றிலிருந்து மதிப்பிட ஓர் இளைஞர் வந்தார். பொம்மைகளை ஒதுக்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனவர், அந்தச் சின்ன ரிவால்வரில் நின்றார்.

“இது பிரயோசனமில்லை. யாரோ தேய்த்துக் கெடுத்திருக்கிறார்கள்.”

“நான்தான்” என்றேன். “பத்து வயதில். அப்பா செய்யவில்லை.”

அவர் நிமிரவில்லை. “பிள்ளைகள் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கத்தியை எடுத்தார். இருபத்தைந்து வருடமாக அப்பாவிடம் சொல்லாததை, அப்பாவின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவரிடம், ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தேன்.