கம்பியைப் பிடித்தவள்

மதுரையில் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்த முதல் பெண்பிள்ளை நான்தான். இதை இன்றைக்கும் யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வேன். வண்டி என் சின்ன மாமாவுடையது; சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டாவது யுத்தம் தொடங்கியிருக்கவில்லை.

அந்த வண்டியை நம்பித்தான் மாமா ஒரு மருந்துக் கம்பெனியில் ஏஜெண்டு வேலை கேட்டிருந்தார். பேரையூரிலிருந்து கொட்டாம்பட்டி வரைக்கும் கடை கடையாகப் போய்வர வேண்டிய வேலை. வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வருவார். அவரைப் பின்னால் உட்காரவைத்து வாடிப்பட்டி வரை போய்க் காட்டினால் வேலை உறுதி. வண்டிக்கோ ஒரு வியாதி. காலையில் ஒரே உதையில் கிளம்பும். ஏழெட்டு மைல் ஓடி இன்ஜின் சூடேறியதும் நின்றுவிடும். அரை மணி நேரம் போனால், கோபம் தணிந்த மாதிரி மறுபடி கிளம்பும்.

ஒன்று பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் நெருப்புப் பொறி வரவில்லை என்றார் மாமா. பொறியைக் கண்ணால் பார்க்கலாமென்றால் வெயிலில் தெரியாது; கையில் அடித்தால்தான் தெரியும். ஆகவே புதன்கிழமை காலை, எங்கள் வாசலில் வைத்து பிளக்கிலிருந்து கம்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இன்னொரு கையால் வண்டியைத் தொட்டுக்கொள்ளச் சொன்னார்.

"பிடிச்சுக்கத்தா. நான் உதைக்கிறேன். சும்மா எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்."

எறும்பா அது? தோள்பட்டை வரைக்கும் யாரோ உலக்கையால் போட்டதுபோல் இருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏண்டா, உனக்குப் பிடிச்சுப் பாக்க என் பிள்ளைதான் கெடச்சாளா? உன் கையை என்ன கோயிலுக்கு நேந்து விட்டிருக்கா?"

"நான் உதைக்கணும்லக்கா! இப்பப் பொறி நல்லாத்தான் இருக்கு. சூட்டுலயும் ஒரு தடவ பாக்கணும். உன் மகதான் பயந்தாங்கொள்ளி. இம்புட்டு அடிக்கு அம்புட்டுச் சத்தம்!"

அந்த ஒரு சொல் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மாமா வண்டியை எடுத்தபோது நானே போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சமயநல்லூரைத் தாண்டியதும் வழக்கம்போல் நின்றது. உச்சி வெயில். மாமா கம்பியைக் கழற்றி நீட்டினார்.

"பிடிக்கிறியா, இல்ல அழுவியா?"

கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். உதைத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு உதை. எறும்புகூடக் கடிக்கவில்லை.

"அடிச்சுச்சாத்தா?"

அடிக்கவில்லை என்று சொன்னால் நான் அழாததற்கு என்ன மதிப்பு? "அடிச்சுச்சு மாமா. நேத்தைவிட ஓங்கி அடிச்சுச்சு. எனக்குத்தான் வலிக்கல" என்றேன்.

"அடி சிங்கம்!" என்று முதுகில் தட்டினார். பொறி இருக்கிறது, அப்படியானால் கோளாறு பெட்ரோலில்தான் என்று முடிவுகட்டி, குழாயையும் கார்புரேட்டரையும் பிரித்து வேட்டி முனையால் துடைத்து மாட்டினார். அதற்குள் அரை மணி நேரம் போயிருந்தது. வண்டி கிளம்பியது. திரும்பும் வழியில் எனக்குச் சர்பத் வாங்கிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அதே சமயநல்லூருக்கு அப்பால் கம்பெனிக்காரர் இறங்கி நின்று, தொப்பியால் விசிறிக்கொண்டு, வந்த மாட்டுவண்டியில் ஏறி மதுரைக்குத் திரும்பிவிட்டார். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த வாரம் வண்டியைத் தெற்குவாசலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்ட மாமா போனார். நானும் கூடப் போனேன். மெக்கானிக் வண்டியைச் சூடேறி நிற்கும்வரை ஓட்டிப் பார்த்தார். பிறகு மாமாவை உதைக்கச் சொல்லிக் கம்பியைத் தானே பிடித்தார்.

"அடிக்கவே இல்லயே தம்பி. பொறி உண்டாக்குற மேக்னெட்டோவுக்குள்ள இருக்க கம்பிச் சுருள் சூடானா செத்துப்போகுது, ஆறினா உசுரு வருது. புதுசாச் சுத்திப் போட்டா ஓடும். ஏன், சூட்டோட யாரும் கம்பியப் பிடிச்சுப் பாக்கலயா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லண்ணே. யாரும் பிடிச்சுப் பாக்கல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அழாமல் பிடித்து நின்றவள் நான். ஒரு வெளியாள் முன்னால் அதை இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டாரே! மூன்று நாள் மாமாவோடு நான் பேசவில்லை.