கயித்தத்தான மாத்தச் சொன்னேன்?

இத்தனை வருஷம் கழித்தும் அந்த மனுஷரை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. செத்துப்போனவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியதும் கூடலூரில் ஒரு தகரக் கொட்டகையில் என்ஜின் பட்டறை போட்டேன். பட்டாளத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிட ஸ்பேனர் பிடித்ததுதான் அதிகம். அந்தச் சமயத்தில் பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. வசதியுள்ள தோட்டக்காரர்கள் சின்னச் சின்னப் பெட்ரோல் என்ஜின்களை எடுத்துவந்து, பம்போடு பூட்டிக் கிணற்று மேட்டில் வைத்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக் கயிற்றை ஒரே வீச்சில் இழுத்தால் என்ஜின் ஓடத் தொடங்கும். கையைத் தளர்த்தினால், மூடிக்குள் சுருண்டிருக்கும் பட்டைச் சுருள் கயிற்றைத் தானே உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்தக் கயிறும் சுருளும் அடிக்கடி கெடும். என் பிழைப்பில் பாதி அதை வைத்துத்தான் ஓடியது.

ஊருக்கு மேற்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு முதலாளி ஒருநாள் ஆள் அனுப்பினார். போனேன்.

"ஏப்பா, ஒரு வாரத்துல மூணு கயிறு அந்துபோச்சு. நல்ல கயிறா ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

பக்கத்தில் அவருடைய பண்ணையாள் நின்றார். நாற்பது வயதிருக்கும். தினமும் என்ஜினை இழுத்து ஓட்டுவது அவர்தான். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார்.

"நான் இழுத்தா அது திருப்பி இழுக்குது தம்பி. தோள்பட்டை வரைக்கும் வெட்டுது" என்றார் மெதுவாக.

"சோத்தத் தின்னுட்டு இழுத்தா ஏன்டா திருப்பி இழுக்குது?" என்றார் முதலாளி.

எனக்கு அப்போதே சுருக்கென்றது. மூடியைக் கழற்றினேன். கயிற்றில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருக்கும் கனச் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தையும் என்ஜினின் சுழல்தண்டையும் பிணைத்து வைப்பது விரல்நகம் அளவுள்ள ஓர் இரும்புத் துண்டு. சாவி என்போம். அது பாதி வெட்டுப்பட்டு நகர்ந்திருந்தது. அதனால் சக்கரம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, நெருப்புப் பொறி நேரத்துக்கு முன்பே விழுந்தது. முன்பே விழுந்தால் என்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். கயிறு கையோடு சேர்த்து உள்ளே பாயும்.

இதையெல்லாம் இருவருக்கும் காட்டிச் சொன்னேன்.

"கயித்தத்தான மாத்தச் சொன்னேன்? நீ என்ஜினையே பிரிச்சுப் போட்டுட்டயே!" என்றார் முதலாளி.

"கயித்துல ஒண்ணுமில்லைங்க. தேனிக்குப் போயி புதுச் சாவி கடைஞ்சுட்டு வரணும். ரெண்டு நாளு ஆகும். அதுவரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது."

"ரெண்டு நாளா? கொடி வாடிப்போகும்ல?"

"கமலை இருக்குல்ல? ரெண்டு நாளைக்கு மாட்டப் பூட்டி எறைங்க."

"என்ஜின் வாங்கி வச்சுட்டு மாட்டப் பூட்டினா, பக்கத்துத் தோட்டத்தான் சிரிக்க மாட்டானா?"

சிரித்தால் சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக் கிணற்றடிக் கொட்டகைக்குள் வைத்தேன். வெட்டுப்பட்ட சாவியை மாதிரிக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சக்கரத்தை இறுக்கும் நட்டையும் கையோடு எடுத்துப் போயிருக்க வேண்டும். எடுக்கவில்லை. அந்த நட்டுக்காக என்னை நானே திட்டாத நாள் குறைவு.

மறுநாள் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் தேனிக்குப் போனேன். ஏற்றம் வந்தால் பஸ் திணறும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அங்கே கடைசல் பட்டறையில் லேத்துக்காரர் வேலையை முடித்துக் கொடுத்து, நான் கூடலூர் திரும்ப அடுத்த நாள் மத்தியானம் ஆகிவிட்டது. என் கொட்டகை வாசலில் பத்துப்பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் தலைவிரி கோலமாக நின்றாள். பண்ணையாளின் மனைவி.

"ஏலே, என்னத்தடா பூட்டிவிட்டுப் போன? எம் புருசன் கையி ரெண்டா முறிஞ்சு தொங்குதே! நீ வெளங்குவியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் பூட்டவே இல்லையே ஆத்தா. கழட்டிப் போட்டுட்டுல்ல வந்தேன்?"

"பொய் சொல்லாத. நீ சரிபண்ணிட்டுப் போயிட்டன்னு மொதலாளிதான் சொன்னாக. இழுறான்னு சொன்னாக, இழுத்தாரு."

உடம்பெல்லாம் எரிந்தது. கை முறிந்தது ஒருபக்கம், பழி என் தலையில் விழுந்தது ஒருபக்கம். "வாங்க எல்லாரும். அங்கன வந்து பாருங்க" என்று முன்னால் நடந்தேன். அந்தப் பெண்ணும் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள்.

முதலாளி கிணற்று மேட்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாப்பா, நீ பண்ணுன வேலையப் பாரு" என்றார். எல்லோர் முன்னாலும் மூடியைக் கழற்றினேன், நட்டைக் கழற்றினேன், சக்கரத்தை உருவினேன். சாவி இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு லாட ஆணி இருந்தது. தலையை வெட்டி உள்ளே தட்டியிருந்தது. அது வளைந்து நசுங்கிக் கிடந்தது. என் சட்டைப்பையிலிருந்து பழைய சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இங்கன இருந்தது இது. இதை நான் தேனிக்குக் கொண்டுபோயிட்டேன். இந்த ஆணிய யாரு வச்சது?"

அவர் முகம் கறுத்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "தண்ணி பாய வேணாமா? அவன் சரியா இழுக்கல. பாதியில பயந்துட்டான்."

"பயந்து பிடிய விட்டிருந்தா கையி தப்பிச்சிருக்கும். நீங்க சொன்னீங்கன்னு விடாம பிடிச்சாரு பாருங்க, அதுலதான் முறிஞ்சுது!" என்று கத்தினேன்.

அந்தப் பெண் குனிந்து ஆணியை எடுத்துப் பார்த்தாள். "மாட்டுக் காலுக்கு அடிக்கிறது" என்றாள். பிறகு அதை அவர் காலடியில் வீசிவிட்டு நடந்தாள். கூட வந்தவர்களில் ஒருவராவது அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருவர் துண்டை உதறினார், ஒருவர் மேகத்தைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முதலாளிமீது வந்த கோபத்தைவிட அவர்கள்மீது வந்த கோபம் பெரிது.

பத்து நாள் கழித்துப் பண்ணையாள் பட்டறைக்கு வந்தார். மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துப் பச்சிலைக் கட்டு போட்டிருந்தது.

"தம்பி, அந்த என்ஜினச் சரிபண்ணிக் குடுத்துரு."

"ஏண்ணே, உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"அது ஓடலேன்னா எனக்கு அங்கன என்ன சோலி? கமலை எறைக்க வேற ஆளு பாக்கப் போறதாச் சொல்றாக. எடது கையால இழுத்துக்கிருவேன்."

"இன்னொரு கையும் போகணுமா? போயி வீட்டுல கெடங்க!" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார்மேல் காட்ட வேண்டிய கோபத்தை யார்மேல் காட்டுகிறேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு அவரோடு தோட்டத்துக்குக் கிளம்பினேன்.

புதுச் சாவியைப் போட்டு, சக்கரத்தைப் பூட்டி, பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று இரண்டுமுறை பார்த்தேன். பிறகு கைப்பிடியை முதலாளியிடம் நீட்டினேன்.

"மொத இழுப்பு நீங்க இழுங்க."

"நானா?"

"நீங்கதான். இல்லைன்னா சாவியக் கழட்டிக்கிட்டுப் போயிருவேன்."

அவர் பண்ணையாளைப் பார்த்தார். பண்ணையாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார், கையைத் துடைத்தார், பிடியைத் தொட்டுவிட்டு மறுபடி துடைத்தார். நெற்றியில் வியர்வை கொட்டியது. அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தார். என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் விழுந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாப்பா? இழுக்கத் தெரியணும். அம்புட்டுத்தான்!"

பெரிய ஸ்பேனர் அப்போது என் கையில்தான் இருந்தது. அதைப் பைக்குள் போட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன்பிறகு எத்தனை முறை ஆள் அனுப்பியும் அந்தத் தோட்டத்துக்கு நான் போகவில்லை.

பண்ணையாளுக்குக் கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு நேராகவில்லை. சோறு பிசையலாம், மண்வெட்டி பிடிக்க முடியாது. புதுச் சாவி போட்ட அன்று தண்ணீர் வாய்க்காலில் ஏறியதும், அவர் கட்டுக் கையோடு இடது கையால் மண்வெட்டியை இழுத்துக்கொண்டு மடை திறக்கப் போனார். ஒரு கையால் வெட்டும்போது மண் பெயரவில்லை. காலால் உதைத்துத்தான் திறந்தார்.