ரிப்பன் கட்டிய நாற்காலி

எந்தக் கடைப் பொன்னாடை தோளில் நிற்கும், எது போர்த்திய மறுநிமிடமே வழுக்கி விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் சேலம் அலுவலகத்தில் விழாக்களையும் விருந்தினர் மரியாதையையும் கவனிப்பது என் வேலை. யாருக்குக் காரில் முன்சீட்டு, யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி, மேடையில் யார் பக்கத்தில் யார், குத்துவிளக்கு ஏற்றும்போது எந்த ஃபேனை நிறுத்த வேண்டும், எல்லாம் என் தலையில். ரிப்பன் இருக்கும் இடத்தில் கத்தரிக்கோல் இருக்காது என்பது அனுபவம். அதனால் என் கைப்பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். ஆபீசில் என் பதவிக்கு முழ நீளத்துக்கு ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. வீட்டில் அண்ணன் வைத்த பெயர் பொன்னாடைக்காரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் அவனே முந்திக்கொண்டு அதைத்தான் சொல்வான். சனியன்.

அந்தப் பெயரை நினைத்து நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், நாற்காலித் திட்டம் வரும்வரை.

நடக்க முடியாத பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்து கொடுக்கும் நாற்காலி அது. கடையில் கிடைக்கும் சக்கர நாற்காலி இல்லை. கழுத்து நிற்காத, முதுகு ஒரு பக்கமாகச் சாய்கிற பிள்ளைகளுக்குத் தலைக்கும் இடுப்புக்கும் பாதத்துக்கும் தனித்தனியாகத் தாங்கல் வைத்துச் செய்வார்கள். தீபாவளிக்கு முன்னால் ராசிபுரத்தில் அளவெடுக்கும் முகாம் நடந்தது. பந்தல், தண்ணீர், பேனர் என்று நானும் போயிருந்தேன்.

விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு அம்மா மகளை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். பேச்சு வராது. சிரிப்பு மட்டும் யார் முகத்தைப் பார்த்தாலும் வரும். தறி ஓடுகிற நேரமெல்லாம் பக்கத்தில் பாயில் படுத்து மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும் என்றார் அந்த அம்மா. "உக்கார வெச்சாச் சாஞ்சு சாஞ்சு உழுந்துருதுங்க. ஒரு பக்கமாவே படுத்துப் படுத்து முதுகு கோணிக்கிட்டே போகுதுங்க."

பிசியோதெரபிஸ்ட் டேப்பை எடுத்து முழங்காலுக்குக் கீழே வைத்தபோது அந்த அம்மா சொன்னார்: "வளர்ற புள்ளைங்க சார். கொஞ்சம் பெருசாவே வெச்சு எடுத்துக்குங்க."

பந்தலில் எல்லோரும் சிரித்துவிட்டோம். நம் ஊரில் எந்த அம்மா டெய்லரிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள்? ஆறாம் வகுப்பில் எனக்குத் தைத்த பாவாடை எட்டாம் வகுப்பில்தான் எனக்குச் சரியாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட் மட்டும் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். "இது யூனிஃபார்ம் இல்லீங்கம்மா. லூசா இருந்தா உள்ளுக்குள்ளயே சாஞ்சுரும், முதுகு இன்னும் கோணிக்கும். சிறுசா இருந்தாலும் அதே கதிதான். பாப்பா இன்னிக்கு எப்படி இருக்குதோ அந்த அளவுக்குத்தான் செய்யணும்." அந்த அம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சரி சரி என்று தலையாட்டினார்.

பொங்கல் கழிந்து நாற்காலிகள் வந்து இறங்கின. அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் அலுவலகத்தின் பின்கட்டு அறையில் வரிசையாக நிறுத்தி, பாலித்தீன் உறை கழற்றாமல் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு ரிப்பன் கட்டினேன். வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து இயக்குநர் வந்து தன் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவரை ஒரு நாற்காலியும் வெளியே போகக் கூடாது. இது எங்கள் ஆபீசுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. கட்டி முடித்த பஸ் நிலையம் பூட்டிக் கிடக்கும், தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கும், திறக்க ஆள் வரும்வரை. நமக்கெல்லாம் அது பழகிவிட்டது.

முதலில் ஏதோ ஒரு தேசத்தில் வெள்ளம் வந்து இயக்குநர் அங்கே போய்விட்டார். அது நியாயம்தான், என்ன சொல்ல முடியும். அடுத்து இங்கே தேர்தல் வந்தது. நடத்தை விதி, எதையும் யாருக்கும் விழா வைத்துக் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஊரில் சிலைகளுக்குத் துணி சுற்றினார்கள். எங்கள் நாற்காலிகள் ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தன.

அந்த அம்மா அவ்வப்போது போன் செய்வார். "மேடம், நானுங்க, ராசிபுரத்துல இருந்துங்க." பின்னால் தறிச்சத்தம் கேட்கும். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "சீக்கிரம் சொல்றேன்மா" என்பேன். "சரிங்க, நீங்க சொன்னா வாரேனுங்க" என்று வைத்துவிடுவார்.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். கொடுத்துவிடலாமே சார், விழாவுக்கு வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாமே என்று.

"இப்பவே குடுத்துட்டா அவர் வந்து எதம்மா குடுப்பாரு? மேடையில கைய வீசிட்டுப் போவாரா?"

"வீட்டுல வெச்சுப் பயன்படுத்தட்டும் சார். விழா அன்னிக்குத் துடைச்சுக் கொண்டு வரச் சொல்றேன்."

"சோறு சிந்துன நாற்காலியப் புதுசுன்னு குடுக்கச் சொல்றியா?" என்று சத்தம் போட்டவர், கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்த குரலில் சொன்னார்: "நான் கேக்காம இருப்பேனா? மேல கேட்டுட்டேன்மா. முடியாதுன்னுட்டாங்க." அவர் மேல் எனக்கு வந்த கோபம் அதோடு எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது. அந்த 'மேல' இருக்கும் ஆளைப் போய்ப் பார்த்தால் அவரும் மேலே கேட்டதாகத்தான் சொல்வார்.

தேர்தல் முடிந்த கையோடு ஒரு மத்தியானம் அந்த அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அந்தக் கூட்டத்தில் பத்து வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்படி ஏறி இறங்கினாரோ, மாதாவே. தண்ணீர் குடித்துவிட்டு, "குடுக்க வேண்டாமுங்க மேடம். ஒருக்கா உக்கார வெச்சு மட்டும் பார்த்துக்கறனுங்க" என்றார்.

மேனேஜர் வெளியே போயிருந்தார். அறையைத் திறந்தேன். ரிப்பனை அவிழ்த்து, பாலித்தீனைக் கழற்றாமல் அதன் மேலேயே பிள்ளையை உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டோம். சாய்ந்தே இருந்த தலை பின்தாங்கலில் பொருந்தி நிமிர்ந்தது. பாதம் இரண்டும் பலகையில் படிந்தன. அந்தப் பிள்ளை பழக்கத்தில் முதலில் மேலே ஃபேனைத் தேடிவிட்டு, மெதுவாகப் பார்வையை இறக்கி எங்களை நேருக்கு நேராகப் பார்த்தது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, உடம்பெல்லாம் குலுங்க. அந்த அம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எனக்கும்தான், மறைப்பானேன்.

நாற்காலி கச்சிதமாக இருந்தது. ஆனால் இனி இடமே இல்லை, இன்னும் கொஞ்ச நாள்தான் பொருந்தும் என்பதும் பார்த்தாலே தெரிந்தது. இறக்கும்போது பிள்ளை கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "உடு சாமி. வெள்ளக்காரரு வந்துதான் குடுப்பாராம். உட்ரு சாமி" என்று அந்த அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அவர்கள் போனபின் நான் மறுபடி ரிப்பனைக் கட்டினேன்.

இயக்குநர் வரத் தயாரானபோது ஆடி பிறந்துவிட்டது. விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டிய உள்ளூர்ப் பெரியவர், "ஆடியில நல்ல காரியமா? வேண்டாமுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எங்கள் கிறிஸ்தவ வீடுகளிலும் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை, நான் என்ன வாய் திறப்பது? பிள்ளை வளர்வதற்கு ஆடி ஆவணி கிடையாது என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "நல்லாப் பேசறீங்கம்மா" என்று சிரித்தார்.

ஆவணியில் நடந்தது விழா, பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. விளக்கு அணையவில்லை, பொன்னாடை வழுக்கவில்லை, கத்தரிக்கோல் கேட்ட கையில் இருந்தது. இயக்குநரும் நல்ல மனிதர், பிள்ளைகளைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கித் தரையிலேயே முட்டி போட்டுவிட்டார்.

அந்தப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். முழங்கால் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றன. பக்கத் தாங்கல் இடுப்பை நெருக்கியது. பின்தாங்கல் கழுத்தளவுக்குத்தான் வந்தது. தலை அதைத் தாண்டிப் பின்னால் தொங்கியது. பிள்ளை சிரிக்கவில்லை, மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வசதியாக இருக்கிறதா என்று கேட்கும்படி இயக்குநர் என்னிடம் சொன்னார். கேட்டேன். அந்த அம்மா வேர்த்து விறுவிறுத்திருந்த அவர் முகத்தைப் பார்த்தார். "நல்லாருக்குதுன்னே சொல்லிருங்க மேடம். பாவம், எங்கிருந்தோ வந்திருக்காரு."

நான் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். நிற்கட்டும் என்று, நாற்காலி சிறிதாகிவிட்டது, காத்திருந்ததில் பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று உள்ளதைச் சொன்னேன். இயக்குநர் முகம் வாடிப்போயிற்று. அந்த அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். உடனே புதிதாக அளவெடுக்கச் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா, மேலே இருப்பவர் காதிலேயே போட்டுவிட்டோம் என்று நினைத்தேன்.

கார்கள் கிளம்பிய பிறகு பிசியோதெரபிஸ்ட் டேப்போடு வந்து பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தப் புதுசு வந்ததுமே குடுத்துருவீங்களாங்க?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"அடுத்த தடவை வரும்போது அவர் கையாலயே குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரும்மா" என்றார் மேனேஜர். "அவருக்கே மனசு கேக்கல. அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருக்கச் சொன்னார்."

அந்த அம்மா பின்னால் தொங்கிய பிள்ளையின் தலையைக் கையால் தாங்கிக்கொண்டார். பிறகு பிசியோதெரபிஸ்ட் பக்கம் குனிந்து, "அப்பக் கொஞ்சம் பெருசாவே வெச்சு எடுத்துக்குங்க சார்" என்றார்.

அவர் இந்தத் தடவை எதையும் விளக்கவில்லை. டேப்பைப் பிள்ளையின் முழங்காலில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "விழா எப்பன்னு சொல்லுங்க மேடம். அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கறேன்."

எனக்குத் தெரியவில்லை.